வறட்டாற்றின் வெள்ளக் கணக்கு

வடகரப்பதி என்ற பெயரைப் பிரித்தால் வட கரையில் அமைந்த பதி என்று வருகிறது. கரை என்று ஒன்று இருந்தால் அதற்கு ஓர் ஆறு இருந்தாக வேண்டும். பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தின் கிழக்கு விளிம்பில், கோயம்புத்தூர் மாவட்டத்தோடு தோள் உரசிக் கிடக்கும் இந்த ஊராட்சி வட்டாரத்து ஆறுகளின் பெயர்களோ வேறு கதை சொல்கின்றன. ஒன்று கோரையாறு. இன்னொன்று வரட்டாறு, எந்த ரகரம் போட்டு எழுதினாலும் வறண்ட ஆறு என்றுதான் காதில் விழும். வேலந்தாவளத்திலும் ஒழலப்பதியிலும் தமிழ் பேசி வாழும் மக்களுக்குத் தண்ணீர் என்றதும் நினைவுக்கு வருவது ஆழ்குழாய்க் கிணற்றின் ஆழமும், வாய்க்காலில் எப்போது தண்ணீர் விடுவார்கள் என்ற கேள்வியும்தான். பக்கத்திலுள்ள பெருமாட்டி ஊராட்சியின் பிளாச்சிமடை, நிலத்தடி நீருக்காக நடந்த போராட்டத்தால் வெளியுலகம் அறிந்த பெயரானது. ஆகவே இந்த வட்டாரத்தின் நீர் வரலாற்றை எழுத உட்கார்ந்தவர்கள் பெரும்பாலும் வறட்சியின் வரலாற்றையே எழுதினார்கள். அது பொய்யில்லை. ஆனால் பாதிதான்.

மீதிப் பாதி வெள்ளத்தின் வரலாறு. வறண்ட ஆற்றுக்கு வெள்ள வரலாறு ஏது என்று தோன்றலாம். இந்த ஓடைகள் பாரதப்புழாவின் கிளைகள். பாரதப்புழா கேரளத்தின் பெரு வெள்ளங்கள் பலவற்றைச் சுமந்து பொன்னானியில் கடலில் கலக்கும் ஆறு. அந்த ஆறு எப்போது, எந்த வேகத்தில், எவ்வளவு நீரோடு பொங்குகிறது, யாருக்கு ஆபத்து என்பதை ஆராய்பவர்கள் கடற்கரையிலிருந்து தொடங்கி மேல்நோக்கி வருகிறார்கள். வறண்ட கிழக்கை எட்டுவதற்குள் ஆர்வமும் தரவும் தீர்ந்துவிடுகின்றன. இங்கே முன்வைக்கும் வாதம் இதுதான்: பாரதப்புழாப் படுகையின் நீர் நூறு ஆண்டுகளாகப் பற்றாக்குறையின் கணக்கிலேயே எழுதப்பட்டது. பங்கு பிரிக்க ஒப்பந்தம் உண்டு, அணை உண்டு, வாரியம் உண்டு. வெள்ளத்துக்கு அப்படி ஒரு பேரேடு அமையவில்லை. அரசியல் எல்லைகள் படுகையைத் துண்டாக்கியது அதற்கு ஒரு காரணம். வறண்ட நிலத்தில் வெள்ளம் வராது என்ற நம்பிக்கை இன்னொரு காரணம். இரண்டும் ஒன்றின் மேல் ஒன்றாகப் படிந்த இடம் வடகரப்பதி.

முதலில் ஆற்றின் உருவத்தைப் பார்க்கலாம். பாரதப்புழாவின் நீளம் 209 கிலோமீட்டர். நீர்ப்பிடிப்புப் பரப்பு 6186 சதுர கிலோமீட்டர். அதில் 1786 சதுர கிலோமீட்டர், அதாவது நான்கில் ஒரு பங்குக்கும் மேல், தமிழ்நாட்டில் இருக்கிறது. ஆளியாறும் பாலாறும் உப்பாறும் சேர்ந்து சித்தூர்ப் புழாவாகின்றன. மலம்புழா, வாளையாறு, கோரையாறு, வரட்டாறு ஆகிய நான்கும் சேர்ந்து கல்பாத்திப் புழாவாகின்றன. இந்த இரண்டும் பறளியில் கூடிய பிறகுதான் பாரதப்புழா என்ற பெயர் பிறக்கிறது. அதற்குக் கீழே தெற்கிலிருந்து காயத்ரிப்புழாவும், அமைதிப் பள்ளத்தாக்கின் குந்திப்புழாவைச் சுமந்து வடக்கிலிருந்து தூதப்புழாவும் வந்து சேர்கின்றன. மேற்குத் தொடர்ச்சி மலை வாய் திறந்த இடமான பாலக்காட்டுக் கணவாய் வழியே இந்த ஆறு மேற்கே போகிறது; அதே கணவாயின் கிழக்கு வாயிலில் நொய்யல் எதிர்த்திசையில் காவிரியைத் தேடிப் போகிறது. கண்ணுக்கு எட்டியவரை சமவெளியாகத் தெரியும் அந்த நிலத்தில் ஒரு மழைத்துளி வங்கக் கடலுக்கா அரபிக் கடலுக்கா என்பதைச் சில மீட்டர் உயரம் தீர்மானிக்கிறது. அந்த விளிம்பை ஒட்டி, மேற்குப் பக்கமாகக் கிடக்கிறது வடகரப்பதி. ஊரின் பேச்சும் உறவும் கிழக்கே. தண்ணீர் போவது மேற்கே.

இந்தப் படுகை ஒரே ஆட்சியின் கீழ் இருந்த காலம் அண்மை வரலாற்றில் இல்லை. பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் மேல்பகுதி சென்னை மாகாணத்தின் கோயம்புத்தூர் மாவட்டம். அதற்குக் கீழே சித்தூர் வட்டம் கொச்சி சமஸ்தானத்துக்குச் சொந்தம். சமஸ்தானத்தின் மற்றப் பகுதிகளோடு ஒட்டாமல், கோயம்புத்தூருக்கும் மலபாருக்கும் நடுவே தனித்துக் கிடந்த துண்டு. சித்தூரைத் தாண்டியதும் பாலக்காட்டிலிருந்து பொன்னானி வரை மீண்டும் சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டம். ஒரு வெள்ளம் மலையில் பிறந்து கடலை அடைவதற்குள் கோயம்புத்தூர் கலெக்டர், கொச்சி திவான், மலபார் கலெக்டர் என்று மூன்று அலுவலகங்களின் கோப்புகளில் மூன்று தனி நிகழ்ச்சிகளாகப் பதிவாகும் நிலை. 1949இல் திருவிதாங்கூர்-கொச்சி ஒன்றியம், 1956 நவம்பர் 1இல் கேரள மாநிலம், 1957 ஜனவரி 1இல் பாலக்காடு மாவட்டம் என்று கோடுகள் மாறின. மூன்று துண்டு இரண்டானது, ஒன்றாகவில்லை. இன்றைக்கும் ஆளியாற்று அணை ஒரு மாநிலம், அதன் தண்ணீர் முட்டும் மூலத்தறை ரெகுலேட்டர் மறு மாநிலம்.

துண்டான படுகையில் வெள்ளத்தின் நினைவும் துண்டாகும் என்பதற்கு 1924 ஜூலையைவிட நல்ல சான்று இல்லை. கேரளத்தில் அது 'தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்'. கொல்லம் ஆண்டு 1099 என்பதால் அந்தப் பெயர். ஆடி பிறந்த வேளையில், ஜூலை 16 முதல் 18 வரை, தேவிகுளத்தை மையமாகக் கொண்டு கொட்டிய மழை அது. மூணாற்றையும் டாப் ஸ்டேஷனையும் இணைத்த குண்டளைப் பள்ளத்தாக்கு இரயில் பாதை அதோடு அழிந்து, திரும்ப எழவே இல்லை. அதே மழை மலையின் கிழக்கு முகத்திலும் இறங்கியது. காவிரியில் வரலாறு காணாத வெள்ளம் வந்தது. அடுத்த ஆண்டு கட்டத் தொடங்கிய மேட்டூர் அணையின் உபரி நீர்ப் போக்கியைத் திட்டமிடுவதற்கு அந்த வெள்ளமே அளவுகோலானது. ஒரே மேகம், ஒரே வாரம். ஆனால் மலையாள நினைவில் அது 99, காவிரியின் பொறியாளர் ஏட்டில் அது 1924. இரண்டையும் ஒரே மழையாகச் சேர்த்துப் பேசும் வழக்கம் பொதுப்பேச்சில் இன்றும் இல்லை. இன்னொரு முரணும் அந்த ஆண்டுக்குள் ஒளிந்திருக்கிறது. காவிரி நீரைப் பங்கிட்டுச் சென்னையும் மைசூரும் புகழ்பெற்ற ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது 1924 பிப்ரவரி 18. தண்ணீர் போதாது என்று பங்கு பிரித்த மை காய்ந்து ஐந்தே மாதத்தில், தாங்க முடியாத தண்ணீர் வந்தது. ஒப்பந்தம் நூறு ஆண்டுகளாக அரசியலின் நடுவே நிற்கிறது. வெள்ளம் பழைய புகைப்படங்களுக்குள் ஒதுங்கிவிட்டது.

பாரதப்புழாவில் அதே கதை பரம்பிக்குளம்-ஆளியாறு திட்டத்தின் வடிவில் நடந்தது. மேற்கே ஓடி வீணாகும் நீரைக் கிழக்கே திருப்பும் பெருந்திட்டம் என்று அது புகழப்பட்டது. 1970 மே 29இல் கையெழுத்தாகி, 1958 நவம்பர் 9 முதல் செல்லும் என்று முன்தேதியிட்ட ஒப்பந்தப்படி, மணக்கடவு அணைக்கட்டில் கேரளத்துக்கு ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. கிடைக்க வேண்டும். சித்தூர் வட்டாரத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்த எண் இது. இதைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். 7.25 டி.எம்.சி.யை ஆண்டு முழுவதும் சீராக விட்டால் விநாடிக்குச் சுமார் 230 கன அடி வரும். ஒரு நடுத்தர வாய்க்காலின் ஓட்டம். இதே அளவை விநாடிக்கு 20,000 கன அடி வீதம் விட்டால் நான்கு நாளில் தீர்ந்துவிடும். ஆண்டுத் தொகை இரண்டிலும் ஒன்றே. முதல் கணக்கில் தென்னை பிழைக்கிறது, இரண்டாவதில் பாலம் போகிறது. பங்கீட்டின் மொழி தொகையின் மொழி. ஆண்டு முடிவில் எவ்வளவு வந்தது என்று கேட்கும். வெள்ளத்தின் மொழி வேகத்தின் மொழி. எந்த மணி நேரத்தில் எவ்வளவு வந்தது என்று கேட்கும். முதல் மொழியில் மட்டும் அறுபது ஆண்டு பேசிப் பழகிய இரண்டு அரசுகளிடம் இரண்டாவது கேள்விக்கான சொற்கள் வளரவில்லை.

அந்தக் கேள்வி 2009 நவம்பரில் தானாகவே வந்து கதவைத் தட்டியது. ஆளியாற்றுப் பக்கமிருந்து வந்த வெள்ளத்தில் சித்தூர்ப் புழாவின் மூலத்தறை ரெகுலேட்டர் உடைந்தது. குன்னங்காட்டுப்பதி, தேம்பாறைமடக்கு, நறணி, ஆலாங்கடவு என்று அடுத்தடுத்து நிற்கும் தடுப்புகளுக்கெல்லாம் தலைவாசல் மூலத்தறை. சித்தூரின் பாசனம் அதன் வலது, இடது கரை வாய்க்கால்களில்தான் தொடங்குகிறது. வலது கரை வாய்க்காலைக் கோரையாற்றிலிருந்து வரட்டாறு வரை நீட்டினால்தான் வடகரப்பதிக்கும் எருத்தேம்பதிக்கும் தண்ணீர் என்பது அந்தப் பகுதியின் நெடுநாள் கோரிக்கை. அதாவது வடகரப்பதியின் தாகம் தீர வேண்டிய அதே மதகை உடைத்தது வெள்ளம். அதைச் சீராக்க ஆண்டுகள் பிடித்தன. அந்த ஆண்டுகளில் உழவர்கள் பட்ட தண்ணீர்த் தட்டுப்பாடு செய்தித்தாளில் பற்றாக்குறைச் செய்தியாகவே வந்தது. ஒரு வெள்ளத்தின் சேதம் பல ஆண்டு வறட்சியாக மாறுவேடம் போட்டு வரும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் வேண்டியதில்லை. இரண்டையும் தனித்தனிப் பேரேட்டில் எழுதுவதால் நேரும் பிழையும் இங்கேதான் பிடிபடுகிறது.

இதற்கு முதல் மறுப்பு எளிதில் ஊகிக்கக் கூடியது, நியாயமானதும்கூட. கேரளத்தின் சராசரி ஆண்டு மழை சுமார் 3000 மில்லிமீட்டர். சித்தூரின் கிழக்கு ஓரம் மலையின் மழை மறைவில் கிடப்பதால் அதில் பாதியைக்கூடப் பார்ப்பதில்லை. பாரதப்புழாவின் வெள்ளத்தைப் பெருக்குபவை தூதப்புழாவும் மலம்புழாவும் காயத்ரிப்புழாவுமே. கோரையாறும் வரட்டாறும் கொண்டு வருவது அண்டாவில் ஒரு குவளை. அந்தக் குவளையை அளக்க ஏன் மெனக்கெட வேண்டும்? தென்மேற்குப் பருவமழையை மட்டும் கணக்கில் எடுத்தால் இந்த வாதத்தை மறுக்க முடியாது. 2018 ஆகஸ்டில் மலம்புழா திறந்து கல்பாத்திப் புழா கரை மீறியபோது அந்த நீரில் வரட்டாற்றின் பங்கைத் தேட வேண்டியதில்லை. ஆனால் 2009ஆம் ஆண்டின் வெள்ளம் வந்தது நவம்பரில், ஐப்பசியில். 1924ஆம் ஆண்டின் வெள்ளம் ஆடி பிறந்தபோது; 2018ஆம் ஆண்டினது ஆடி முடிந்து ஆவணி பிறந்தபோது. படுகையின் மேற்குப் பகுதி ஆடி மழைக்குப் பயப்படுகிறது என்றால், கிழக்குப் பகுதி பயப்பட வேண்டியது ஐப்பசி, கார்த்திகை மழைக்கு. வடகிழக்குப் பருவத்தில் கணவாயின் கிழக்கு வாய் மழைக்குத் திறந்திருக்கும். அணைகள் ஏற்கெனவே நிறைந்திருக்கும். குவளை அண்டாவைவிடச் சிறியதுதான். ஆனால் அது நிரம்புவது வேறு மாதத்தில்.

வெள்ள ஆய்வில் இந்த வேறுபாடு சிறிய விஷயமில்லை. ஓர் ஆற்றில் ஆண்டுதோறும் வந்த உச்ச ஓட்டங்களை வரிசையாக அடுக்கி, எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை எவ்வளவு பெரிய வெள்ளம் வரும் என்று மதிப்பிடுவது வழக்கம். 1941இல் கும்பெல் வகுத்த முறை இன்றும் பொறியியல் கல்லூரிகளில் பாடம். அந்த முறைக்கு ஒரு நிபந்தனை உண்டு: வரிசையில் உள்ள வெள்ளங்கள் எல்லாம் ஒரே வகைக் காரணத்திலிருந்து பிறந்தவையாக இருக்க வேண்டும். ஆடி வெள்ளத்தையும் ஐப்பசி வெள்ளத்தையும் ஒரே பட்டியலில் கலந்தால், பெரியவர்கள் உயரத்தையும் குழந்தைகள் உயரத்தையும் கூட்டிச் சராசரி பார்த்துச் சட்டை தைத்தது போல ஆகும், ஒருவருக்கும் பொருந்தாது. அப்படிக் கிடைக்கும் 'நூறாண்டு வெள்ளம்' என்ற சொல்லையும் ஜாக்கிரதையாகப் படிக்க வேண்டும். நூறு ஆண்டுக்கு ஒருமுறை வந்து போகும் விருந்தாளி என்று அதற்குப் பொருளில்லை. எந்த ஓர் ஆண்டிலும் வருவதற்கு நூற்றில் ஒரு வாய்ப்பு என்பதே பொருள். முப்பது ஆண்டுக்கு வீட்டுக் கடன் எடுத்து ஆற்றோரம் வீடு கட்டுபவர், கடன் முடிவதற்குள் அந்த வெள்ளத்தைப் பார்க்க நூற்றில் இருபத்தாறு வாய்ப்பு இருக்கிறது. நான்கில் ஒன்று. இப்படிச் சொன்னால் யாரும் அசட்டையாகக் கேட்க மாட்டார்கள்.

அளவீடு இல்லாத சிற்றாறுகளுக்குப் பழைய பொறியாளர்கள் வேறொரு வழி வைத்திருந்தார்கள். 1884இல் ரைவ்ஸ் என்பவர் தென்னிந்தியாவுக்காக வகுத்த சூத்திரம் அது: நீர்ப்பிடிப்புப் பரப்பின் மூன்றில் இரண்டு அடுக்கை எடுத்து ஒரு மாறிலியால் பெருக்கினால் உச்ச வெள்ளம் கிடைக்கும். பரப்பு எட்டு மடங்கானால் வெள்ளம் நான்கு மடங்காகும் என்பது அதன் சாரம். பெரிய படுகையில் எல்லாக் கிளைகளும் ஒரே நேரத்தில் பொங்குவதில்லை என்ற அனுபவ அறிவு அதற்குள் இருக்கிறது. இதைத் திருப்பிப் படித்தால்தான் வடகரப்பதிக்குப் பாடம். படுகை சிறியதானால் வெள்ளம் பரப்பின் விகிதத்தில் குறைவதில்லை. ஒவ்வொரு சதுர கிலோமீட்டருக்கும் அதிகமாகவே வருகிறது. சிற்றோடையின் வெள்ளம் சிறியது, ஆனால் அதன் உருவத்துக்குக் கடுமையானது, சில மணி நேரத்தில் வந்து போவது. இனி மாறிலியைப் பாருங்கள். கிழக்குக் கடற்கரையிலிருந்து 80 கிலோமீட்டருக்குள் 6.8, 80 முதல் 160 கிலோமீட்டர் வரை 8.5, மலையோரச் சிறு பகுதிகளுக்கு 10.2 என்று பாடநூல்கள் தருகின்றன. தூரம் அளப்பது சென்னை மாகாணம் பார்த்துக்கொண்டிருந்த வங்கக் கடலிலிருந்து. மேற்கே ஓடி அரபிக் கடலில் விழும் ஓடைக்கு, இரண்டு பருவமழைக்கும் நடுவே கிடக்கும் கணவாய் வாய்க்கு, இதில் எந்த எண் பொருந்தும்? ரைவ்ஸைக் குறை சொல்ல வேண்டியதில்லை. தரவு இல்லாத காலத்தில் அவர் தந்தது ஊன்றுகோல். ஊன்றுகோலையே கால் என்று நம்பித் தரைப்பாலமும் மதகும் கட்டிக்கொண்டிருந்தால் அது நம் பிழை.

இரண்டாவது மறுப்பு அணைகளின் பெயரால் வருகிறது. மலம்புழாவும் ஆளியாறும் வாளையாறும் வந்த பிறகு வெள்ளம் அடங்கிவிட்டது. நூறு ஆண்டுப் பழைய கதைகளைக் கிளறி என்ன பயன்? அணைகள் சிறு வெள்ளங்களை அடக்கியது உண்மை. 1955இல் காமராஜர் முதலமைச்சராக இருந்தபோது திறக்கப்பட்ட மலம்புழா அணையின் கொள்ளளவு சுமார் 226 மில்லியன் கன மீட்டர். அதன் நீர்ப்பிடிப்புப் பரப்பு சுமார் 147 சதுர கிலோமீட்டர். முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்தால் ஒன்றரை மீட்டர் வரும். அதாவது அந்த மலைச்சரிவு முழுவதும் ஒன்றரை மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் வழிந்து வந்தாலும் காலியான அணை விழுங்கிவிடும். எந்தப் புயல்மழையும் அதை வெல்ல முடியாது. ஆனால் அணை நிறைந்த மறுநாள் அதே மலம்புழா ஒரு சொட்டையும் விழுங்காது. வந்ததை அப்படியே கீழே தள்ளும். ஆக அணையின் காப்பு அதன் சுவரில் இல்லை, அன்றைக்கு அதில் எவ்வளவு இடம் காலியாக இருக்கிறது என்பதில் இருக்கிறது. பாசனத்துக்காகக் கட்டிய அணையை யாரும் காலியாக வைத்திருக்க விரும்புவதில்லை. நிறைந்த அணையே நல்ல நிர்வாகத்துக்கு அடையாளம் என்று அரசும் உழவரும் சேர்ந்தே நம்புகிறார்கள். பற்றாக்குறைப் பேரேடு அணையை நிரப்பச் சொல்கிறது. வெள்ளப் பேரேடு கொஞ்சம் இடம் விடச் சொல்கிறது. இரண்டாவது பேரேடு இல்லாததால் முதலாவது ஒவ்வொரு ஆண்டும் ஜெயிக்கிறது.

2018இல் கேரளம் முழுக்க இது நிரூபணமானது. ஜூன் 1 முதல் ஆகஸ்ட் 19 வரை வழக்கமாக 1649.5 மில்லிமீட்டர் பெய்ய வேண்டிய மழை 2346.6 மில்லிமீட்டர் பெய்தது என்று மத்திய நீர் ஆணையம் பதிவு செய்தது. 42 சதவீதம் அதிகம். ஆகஸ்ட் நடுவில் பெருமழை இறங்கியபோது அணைகளில் காலி இடம் இல்லை. அணையே இல்லாதிருந்தால் வெள்ளம் குறைந்திருக்கும் என்று வாதிடுவது தவறு. வந்த மழைக்கு ஆறுகள் எப்படியும் பொங்கியிருக்கும். ஆனால் அணை இருப்பதாலேயே கீழே உள்ளவர்கள் ஆற்றங்கரைக்கு இன்னும் அருகே வீடு கட்டினார்கள் என்பதும் உண்மை. சிறு வெள்ளங்கள் வராமல் போனதால் வெள்ளத்தின் பயமும் போயிற்று. அணை தரும் தைரியத்தின் விலை பெரிய வெள்ளம் வரும் நாளில்தான் தெரிகிறது. 2022 செப்டம்பரில் பரம்பிக்குளம் அணையின் ஒரு ஷட்டர் நள்ளிரவில் பிய்த்துக்கொண்டு சாலக்குடி ஆற்றில் விநாடிக்குச் சுமார் 20,000 கன அடி பாய்ந்தபோது மழைகூடத் தேவைப்படவில்லை. ஓர் இரும்புச் சங்கிலி அறுந்ததே போதுமானதாக இருந்தது.

மூன்றாவது மறுப்பு வரலாற்று ஆய்வுக்கே எதிரானது. கோயில் படிக்கட்டிலும் பழைய வீட்டுச் சுவரிலும் இருக்கும் வெள்ளக் குறிகளும் பாட்டன்மார் சொன்ன கதைகளும் இன்றைய ஆற்றுக்குப் பொருந்தாது. ஏனெனில் ஆறே மாறிவிட்டது என்பது அந்த வாதம். பாரதப்புழாவின் மணல் பல பத்தாண்டுகள் லாரி லாரியாகப் போயிற்று. கேரளம் 2001இல் ஆற்றங்கரைப் பாதுகாப்புக்கும் மணல் அள்ளுவதைக் கட்டுப்படுத்துவதற்கும் தனிச் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது. அடித்தரை தாழ்ந்துவிட்ட ஆற்றில் அன்றைக்குப் படியைத் தொட்ட அதே அளவு நீர் இன்றைக்குப் படிக்குக் கீழேயே போய்விடலாம். இது வலுவான வாதம். ஆனால் அது பழைய குறிகளைத் தூக்கி எறியச் சொல்லவில்லை, சரியாகப் படிக்கச் சொல்கிறது. நீரின் உயரம் வேறு, நீரின் அளவு வேறு. உயரத்தை அளவாக மாற்ற, அன்றைய ஆற்றின் குறுக்கு வெட்டு என்ன, சரிவு என்ன, கரையில் மரமா வயலா என்று தெரிய வேண்டும். பழைய பாலங்களின் வரைபடங்களும் நில அளவைப் படங்களும் அதற்கு உதவும். ஒரு குறிக்கு மதிப்பு அதன் உயரத்தால் மட்டும் வருவதில்லை. அந்த உயரத்தில் ஆறு எவ்வளவு அகலம் என்று கூடவே எழுதி வைத்தால்தான் வருகிறது. இதுவரை குறிகளை எழுதினோம், கூடவே எழுத வேண்டியதை எழுதவில்லை.

வறண்ட ஓடைகளில் இதற்கு நேர்மாறான மாற்றம் நடந்திருக்கிறது. ஆண்டில் பெரும்பாலான நாள் மணலும் கோரையும் சீமைக்கருவேலும் தெரியும் ஓடை, மனிதர் கண்ணுக்குக் கேட்பாரற்ற நிலமாகத் தெரிகிறது. கொங்கு வழக்கில் ஓடையைப் பள்ளம் என்பார்கள். பள்ளத்தை மேடாக்கித் தென்னை வைப்பதும் வழித்தடமாக்குவதும் ஒரு தலைமுறையில் நடந்துவிடும். நீரோட்டம் குறுகக் குறுக, அதே மழைக்கு நீரின் உயரம் ஏறும். பெரிய ஆறு மணல் இழந்து ஆழமாகிறது. சிற்றோடை இடம் இழந்து குறுகுகிறது. இரண்டிலும் பழைய நினைவு பொய்யாகிறது, எதிரெதிர்த் திசையில். சித்தூர் வட்டாரத்தில் கம்பாலத்தறை, வெங்கலக்கயம் போன்ற நீர்நிலைகளை மலையாள நிலத்தின் வழக்கப்படி சிறை என்று சொல்லாமல் ஏரி என்றே அழைப்பதைக் கவனிக்கலாம். ஏரி என்பது தமிழ்ச் சமவெளியின் சொல் மட்டுமல்ல, ஒரு நீர்முறையும்கூட: வரும் நீரைப் பிடிக்க ஒரு கரை, மிஞ்சும் நீர் வழிய ஒரு கலிங்கு. கலிங்கு இல்லாத ஏரியை நம் முன்னோர் கட்டவில்லை. மிகுதியும் வரும் என்பதை அறிந்தே பற்றாக்குறைக்குக் கட்டிய அமைப்பு அது. வறண்ட நிலத்தின் பொறியியலே வெள்ளத்தை மறக்காமல் இருந்தது. அதை மறந்தது பிற்கால ஆவணம்.

கடைசி மறுப்பு தொழில்நுட்பத்தின் குரலில் வருகிறது. செயற்கைக்கோள் மழையைப் பார்க்கிறது, கணினி ஓட்டத்தைக் கணக்கிடுகிறது. கிழக்கு மூலையில் அளவுகோல் நடுவதும் பழைய ஏட்டைத் துருவுவதும் எதற்கு? கணினி மாதிரி என்பது கேள்விக்கு விடை சொல்லும் இயந்திரமாக இருக்கலாம், ஆனால் அதைச் சரிபார்க்க நடந்த வெள்ளங்களின் பதிவு வேண்டும். மத்திய நீர் ஆணையத்தின் நிலையங்கள் ஆளியாற்றில் அம்பராம்பாளையத்திலும், பறளிக்குக் கீழே மங்கரையிலும், தூதப்புழாவில் புலாமந்தோளிலும், இன்னும் கீழே கும்பிடியிலும் இருக்கின்றன. வேலந்தாவளத்தை ஒட்டிய ஓடைகளின் நீர் மங்கரையை எட்டும்போது மலம்புழாவோடும் சித்தூர்ப் புழாவோடும் கலந்துவிட்டிருக்கும். சாம்பாரிலிருந்து புளியை மட்டும் பிரித்தெடுக்க முடியாதது போல, அந்த எண்ணிலிருந்து வரட்டாற்றை மீட்க முடியாது. மாதிரி கிழக்குப் பகுதியை எவ்வளவு தவறாகக் கணக்கிட்டாலும் மங்கரையில் மொத்தம் சரியாக வந்தால் தேர்ச்சி பெற்றுவிடும். அந்தத் தேர்ச்சியை நம்பி ஐப்பசியில் எச்சரிக்கை கொடுக்கப் போனால்தான் தோல்வி தெரியும்.

ஆற்றின் மறுமுனையில் பொன்னானி இருக்கிறது. 2012இல் திறக்கப்பட்ட சம்ரவட்டம் ரெகுலேட்டர் பாலம் 978 மீட்டர் நீளம், 70 ஷட்டர்கள். உப்புநீர் ஏறாமல் தடுக்கவும் நன்னீரைத் தேக்கவும் கட்டியது. வெள்ளம் வரும் நாளில் அந்த ஷட்டர்களை எப்போது தூக்குவது என்பது மேலே எவ்வளவு நீர் எத்தனை மணி தூரத்தில் வருகிறது என்பதைப் பொறுத்தது. கடல் ஏற்றமாக இருந்தால் ஆறு தன் நீரை வெளியே தள்ளத் திணறும். கடலோர ஆற்றின் வெள்ள ஆபத்தை ஆராய்கிறோம் என்று கடலோரத்தை மட்டும் ஆராய்ந்தால், நாடகத்தின் கடைசிக் காட்சிக்கு மட்டும் டிக்கெட் வாங்கியது போலத்தான். முதல் காட்சி ஆனைமலையிலும் தூதப்புழாவின் காட்டிலும் நடக்கிறது. இன்னொரு முதல் காட்சி, வேறு மாதத்தில், வடகரப்பதியின் வெற்று ஓடைகளில் நடக்கிறது.

இந்தப் படுகைக்கு இரண்டாவது பேரேடு எழுதுவது புதிய அணை கட்டுவதைவிட மலிவு. கோயம்புத்தூர், கொச்சி, மலபார் கோப்புகளில் மூன்றாகப் பிரிந்து கிடக்கும் 1924ஐ ஒரே வரிசையில் அடுக்க வேண்டும். ஆடி வெள்ளத்துக்கும் ஐப்பசி வெள்ளத்துக்கும் தனித்தனிப் பட்டியல் வேண்டும். 7.25 டி.எம்.சி.க்காக மேசையில் எதிரெதிரே உட்காரும் இரண்டு மாநிலப் பொறியாளர்கள், ஆளியாற்றில் மணிக்கு மணி எவ்வளவு திறக்கிறது என்பதையும் அதே மேசையில் பகிர வேண்டும்; பங்கு கேட்கும் உரிமையோடு எச்சரிக்கை தரும் கடமையும் அதே ஒப்பந்தத்துக்குள் ஏற வேண்டும். கோரையாற்றிலும் வரட்டாற்றிலும், சாலை ஓடையைக் கடக்கும் இடத்தில், அடி அளவு எழுதிய ஒரு கம்பமும், அதைப் பார்த்து நேரத்தோடு எழுதி வைக்க ஒரு ஆளும் போதும். பல ஆண்டு அந்த நோட்டில் பூஜ்யமே விழும். அந்தப் பூஜ்யங்களும் தரவுதான். அவை இல்லாமல், தண்ணீர் வந்த அந்த ஒரு நாளின் எண் எவ்வளவு பெரியது என்று யாராலும் சொல்ல முடியாது.